கம்பி இல்லாத கால்

ஸ்டூலின் பின்னங்கால் முதன்முதலாக வெளுத்தது எங்கள் வீட்டுக் குளியலறையில்தான். அத்தை குளித்து முடித்து எழுந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் அம்மா. இரண்டு முழங்காலும் தேய்ந்து ஏழு வருடம் ஆகிறது. நான் கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு, வெளியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அவருக்கு அடியிலிருந்த ஸ்டூலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "குளிக்கற மனுஷியை அப்படி என்னத்தப் பாக்கறே?" என்று திட்டிக்கொண்டே அவர் வலது கையைப் பின்பக்கம் கொண்டுபோய் இருக்கையின் ஓரத்தில் ஊன்றினார். இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பி, உடம்பு முழுவதையும் ஒரு மூலைக்குத் தள்ளி, "அம்மா" என்று ஒரு மூச்சு விட்டு எழுந்தார். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு நாலு காலில் மூன்று சும்மா நின்றன. ஒன்றுதான் வேலை செய்தது. அந்த ஒன்றின் மேல்பகுதியில், சாம்பல் நிற பிளாஸ்டிக்கில், தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு விழுந்தது.

பிளாஸ்டிக் சொல்லாமல் உடையாது. ஏபிஎஸ் என்கிற இந்த வகைத் தகடு தாங்குகிறவரை நிறம் மாறாமல் வளைந்து கொடுக்கும். தாங்க முடியாத இடத்தில் முதலில் வெளுக்கும். விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது, நகத்தால் கீறினாலும் தட்டுப்படாது. ஆனால் வெளுத்தது வெளுத்ததுதான். அடுத்த தடவையோ ஐம்பதாவது தடவையோ, அந்தக் கோட்டில்தான் விட்டுப்போகும். அத்தை ஐம்பத்திரண்டு கிலோ. தலையில் சுற்றிய ஈரத் துண்டோடு ஐம்பத்து மூன்று வைத்துக்கொள்ளலாம். நான் ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"என்ன, பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில் அத்தை."

"யாரு, நானா அதுவா?"

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. ஒரு பொருள் கடைக்கு வர ஒரு வருடம் இருக்கும்போதே, அதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி பிளாஸ்டிக்கில் செய்து தருவது. டிசைனர் கம்ப்யூட்டரில் வரைவார். வரைந்தது கைக்கு அடங்குமா, மூடி மூடுமா, தூக்கினால் மணிக்கட்டு வலிக்குமா என்று கம்ப்யூட்டர் சொல்லாது. நான் தகட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, கரைசல் தொட்டு ஒட்டி, இடுக்கை அடைக்கப் புட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் அது சொல்லும். இருபத்திரண்டு வருடமாக இதுதான். பட்டறையில் எல்லாருக்கும் நான் மாடலக்கா. வெளியே "மாடல் பண்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவரின் கண் என்மேல் ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறும். எண்பத்தாறு கிலோ. சிரிப்பை அவர்கள் விழுங்குவது தொண்டையில் தெரியும். நானே முந்திக்கொண்டு, "ஒரு போட்டோல அடங்க மாட்டேன், ரெண்டா எடுத்து ஒட்டுவாங்க" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அவர்களுக்கு நிம்மதியாகிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய வித்தை அது. விசேஷ வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் நான் மட்டும் உட்காருமுன் அதன் பின்னங்காலைக் குனிந்து பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அந்த ஸ்டூல் வயதானவர்கள் உட்கார்ந்து குளிப்பதற்கானது. குளியலறைச் சாமான்கள் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று எங்கள் ஆபீஸை நடத்துகிற மேடத்திடம் கேட்டிருந்தது. டிசைனர் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தார். பொய் சொல்லக்கூடாது, படம் அவ்வளவு அழகு. வழக்கமாக இந்த மாதிரிச் சாமானெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்த மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. இருக்கையிலிருந்து நாலு காலும் ஒட்டே இல்லாமல் வழிந்து, கீழே போகப்போக மெலிந்து, கொஞ்சம் வெளிப்பக்கம் அகன்று நிற்கும். ஆபீஸில் அதற்குக் கொக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்ததுமே கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போய், இன்னும் பத்து நாளில் மாடலைப் பார்க்க நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்தால் அச்சுக்கு ஆர்டர். அச்சு என்பது இரும்பு. வெட்டிவிட்டால் வெட்டியதுதான், அதன்பிறகு கால் தடிமனை மாற்று என்றால் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் முதல் மாடலைப் பையில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதனால்தான். ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் முப்பது வயதுக்காரர்கள். முழங்கால் உள்ளவர்கள்.

மறுநாள் காலையில் டிசைனர் வந்ததும் காலைக் காட்டினேன். அவர் சின்ன வயது, என்னை அக்கா என்பார், கெட்டவர் இல்லை. கோட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஒட்டின இடம்க்கா. கையால பண்றதுல அப்படித்தான் இருக்கும். அச்சுல ஒரே துண்டா வரும்."

"இதுவும் ஒரே துண்டுதான் தம்பி. இருக்கையும் காலும் ஒரே தகட்ட வளைச்சது. ஒட்டு ரெண்டு அங்குலம் தள்ளி இருக்கு, பாருங்க. அங்க ஒண்ணும் ஆகல."

"கணக்குல நூத்தி இருபது கிலோ தாங்குதுக்கா. நான் காட்டறேன்."

காட்டினார். கம்ப்யூட்டரில் ஸ்டூல் பச்சையாக, நீலமாக இருந்தது. எடை நடுவில் மேலிருந்து நேராக இறங்கி நாலு காலுக்கும் சமமாகப் பங்கு போனது.

"உங்க கணக்கு உக்காந்துக்கிட்டே இருக்கு தம்பி. எழுந்திருக்கவே இல்ல."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நான் எழுந்து காட்டியபடி எடையை ஒரு மூலைக்குத் தள்ளி, கொஞ்சம் திருகியும் போட்டுப் பார்த்தார். கொக்கின் பின்னங்கால் சிவப்பாகியது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உள்பக்கம் முட்டுக்கு ரெண்டு விலா குடுத்து, மேல ஒண்ணரை மடங்கு தடிமன் பண்ணா நிக்கும்" என்றேன். "பண்ணலாம்க்கா. கொக்கு போயி யானையாயிடும்" என்றார். யானை என்றதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய நாலு எஃகுக் கம்பிகள், பென்சில் கனம். என் மேஜையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலுக்குள்ள பள்ளம் எடுத்து இத வெச்சு மூடிடுங்கக்கா. புட்டி, மேல வெள்ளை பெயிண்ட். காட்டறதுக்கு மட்டும்தான். ஆர்டர் வரட்டும், அப்புறம் கால சரி பண்ணிக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"அச்சு வெட்டறதுக்கு முன்னாடி."

"அவங்க கம்பி வெச்சதுல உக்காந்து, நல்லா இருக்கு, இதேபோலக் குடுங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நீங்க போயி, இல்லீங்க, கால் பெருசாகும்னு சொல்லுவீங்களா?"

அவர் சொல்லமாட்டார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. என் மேஜை விளிம்பில் காய்ந்திருந்த புட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார். நான் கம்பிகளை அதே தாளில் சுற்றி அவர் பக்கம் தள்ளினேன்.

"வரைபடத்துல கம்பி இல்ல தம்பி. வரைபடத்துல போட்டு, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க. வெக்கறேன்."

அரைமணி நேரத்தில் மேடம் கூப்பிட்டார். எங்கள் மேடம் கத்துகிறவர் இல்லை. நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் ஒரே குரல். உட்காரச் சொன்னார். நான் நின்றேன். மாடல் என்றாலே கொஞ்சம் நடிப்புதான் என்றார். கேமரா மாடலில் கேமரா இருக்கிறதா, அடுப்பு மாடலில் தீ எரிகிறதா என்று கேட்டார்.

"எரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம். அதுல யாரும் கைய வெச்சுப் பாக்க மாட்டாங்க. இதுல உக்காரப் போறாங்க. உக்காந்து பாத்து நம்பப் போறாங்க."

"இருபத்திரண்டு வருஷமா இருக்கீங்க. உங்க கை வேலைக்கு மரியாதை இருக்கு. ஆனா யோசிக்கறதுக்குன்னு மேல ஆள் இருக்கு. நீங்க செய்யுங்க, போதும்."

"என் கைதான் மேடம் யோசிக்குது. அதை மட்டும் கழட்டி வெச்சுட்டு வர முடியல."

இப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. படி இறங்கி என் மேஜைக்கு வந்தேன். பட்டறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்காக எல்லாரும் அவ்வளவு மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். என்னில் பாதிதான் இருப்பார். நாங்கள் சேர்ந்து நடந்தால் பத்து என்ற எண் நடந்துவருவதாகத் தெருவில் ஒரு கேலி உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் பூஜ்யம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லிஃப்டுல ஆறு பேர்னு எழுதினா, பத்து பேரைத் தாங்கற கயிறு போட்டிருப்போம். கயிறு போடாம ஆறு பேர்னு எழுதினா அதுக்குப் பேரே வேற." பிறகு சிரித்தார். "கம்பிய நீ வெச்சா, நாளைக்குக் கம்பி எண்ணப்போறதும் நீதான்." சிரித்து முடித்தபின் முகம் மாறியது. "வேலைய விட்டுத் தூக்கிட்டா?" என்று கேட்டார். இந்த வயதில், இந்த வேலைக்கு, இன்னொரு பட்டறை என்னை எடுக்காது என்று இருவருக்கும் தெரியும். "தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றேன். பழக்கதோஷம். அவர் சிரிக்கவில்லை.

நான் என் வேலையைச் செய்தேன். வரைபடத்தில் இருந்தபடியே, ஒரு புள்ளிகூடப் பிசகாமல், அதே தடிமனில் இரண்டாவது ஸ்டூல் செய்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை. அடித்தால் வெளுப்பது தெரியாது. மேடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை ஓய்ந்தது என்று நினைத்தேன். கம்பெனிக்காரர்கள் வருகிற அன்று காலையில் வெளியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று கொக்கு. வேறெங்கோ செய்யக் கொடுத்திருக்கிறார்கள். "தூசி மட்டும் துடைச்சு வைங்க, நீங்க மேல வர வேண்டாம்னு மேடம் சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கொண்டுவந்தவர் போய்விட்டார். துடைக்கத் தூக்கினேன். என்னுடையது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இது மூன்றைத் தாண்டியது. விரல் கணுவால் காலைத் தட்டினேன். பிளாஸ்டிக் பதில் சொல்லவில்லை, இரும்பு சொன்னது. செய்தவர் கைக்காரர்தான், பள்ளம் மூடிய தடமே தெரியவில்லை. நான் அதை நன்றாகத் துடைத்தேன். தலைக்குமேல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கைரேகை இல்லாமல் துடைத்து மேலே அனுப்பினேன். பிறகு என் மேஜைக்கடியிலிருந்த இரண்டாவது சாம்பல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு நானும் மாடி ஏறினேன்.

கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் திறந்தேன். கம்பெனியிலிருந்து மூன்று பேர். அவர்களில் பெரியவர், தலை நரைத்தவர், எழுந்து நின்று வெள்ளை ஸ்டூலில் உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க உக்காரப் போறது கம்பி வெச்சது. அச்சுல வரப்போறது இதோ இது."

சாம்பல் ஸ்டூலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கீழ போங்க" என்றார் மேடம். அதே குரல்.

"கம்பியா?" என்று பெரியவர் டிசைனரைப் பார்த்தார். டிசைனர் மேஜையைப் பார்த்தார்.

பெரியவர் என் ஸ்டூலின் பக்கம் நகர்ந்தார். "நீங்க வேண்டாம் சார், நானே உக்கார்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

தாங்கியது. நாலு காலும் ஒரு நூல் அகன்று நின்றுகொண்டன. மேடம் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. "தாங்குதேம்மா" என்றார் பெரியவர், கொஞ்சம் ஏமாற்றமாக.

"ஆமா சார். உக்காந்தா தாங்கும்."

வலது கையைப் பின்னால் ஊன்றினேன். இடுப்பைத் திருப்பினேன். முழங்கால் இல்லாதவள் எப்படி எழுவாளோ அப்படி எழுந்தேன். சத்தம் பெரிதாக இல்லை, யாரோ விரல் சொடுக்கியது போலத்தான். அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். இடதுபக்கம் முழுக்க இடி விழுந்த மாதிரி இருந்தது. செருப்பு ஒன்று மேஜைக்கடியில் போய்விட்டது. கம்பெனியிலிருந்து வந்த மற்ற இருவரில் ஒருவரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம், ஆயுசு முழுக்கக் கேட்ட சத்தம். தரையிலிருந்தே அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டு சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்தேன்.

டிசைனர் தூக்க ஓடிவந்தார். "இருங்க தம்பி" என்று கையைக் காட்டினேன். எழுந்தால் பேச வராது என்று தோன்றியது.

"இங்க தரை காஞ்சிருக்கு சார், கம்பளமும் போட்டிருக்கு. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. எழுபத்தஞ்சுன்னு வெச்சுக்குங்க. தரை ஈரம்னு வெச்சுக்குங்க. உடம்புல துணி இல்லன்னு வெச்சுக்குங்க. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

பெரியவர் குனிந்து, உடைந்த காலைப் பொறுக்கி, உடைந்த வாயில் கட்டைவிரலை வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகப் புரண்டு, மண்டியிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்தேன். செருப்பைத் தேடிக் குனிய முடியவில்லை. ஒரு செருப்போடு படி இறங்கினேன்.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுகிறவரை வர வேண்டாம் என்றார்கள். இடுப்பில் ஒரு தட்டு அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. முதலில் கறுப்பாக, பிறகு பச்சையாக, பிறகு மஞ்சளாக. அத்தை தினமும் பார்த்து நிறம் சொல்வார். நாலாம் நாள் ஆபீஸிலிருந்து போன். மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தால் மேடம் யோசிப்பாராம். எழுதினேன். "அனுமதி இல்லாமல் கதவைத் திறந்ததற்கு வருந்துகிறேன். ஸ்டூல் உடைந்ததற்கு வருந்தவில்லை." என் வீட்டுக்காரர் இரண்டாவது வரியை இரண்டு தடவை படித்தார். "இந்த வரி வேணுமா?" என்றார். "அந்த வரிக்காகத்தான் முதல் வரி" என்றேன். அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. பட்டறையில் கூட வேலைபார்த்த ஒருத்தி மட்டும், "ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும்தான் போகும், யோசிச்சீங்களாக்கா?" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அது வலித்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்து பழக்கமில்லை. உடைந்து கிடந்த சோப்பு டப்பா, டிவி ரிமோட், அத்தையின் கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் ஒட்டினேன். ஒட்ட இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். செய்தது சரி என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சரி என்பது பகல் பொழுதை நிரப்பப் போதவில்லை.

பதினாறாம் நாள் டிசைனர் வந்தார். கையில் என் செருப்பு, அக்குளில் சுருட்டிய தாள். உட்கார்ந்ததும், "மேடம் அனுப்பினாங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பினாங்கன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க."

கம்பெனியிலிருந்து வந்த பெரியவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். உடைந்த காலையும் எடுத்துக்கொண்டு போனாராம். இரண்டு வாரம் கழித்து ஒரே வரியில் கடிதம் அனுப்பியிருக்கிறார்: அந்த அம்மாவால் உடைக்க முடியாத ஸ்டூல் ஒன்று கொண்டுவாருங்கள், பேசலாம்.

தாளை விரித்தார். காலுக்கு மட்டும் பதினோரு விதம் வரைந்திருந்தார். "நான் பண்ணது தப்புதான்க்கா. ஆனா ஒண்ணு சொல்லணும். அசிங்கமா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க. நோயாளிச் சாமான்னு சொல்லி ஒதுக்கிட்டு, பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காருவாங்க. அதுல விழுந்தா மட்டும் அடிபடாதா?"

அதில் உண்மை இருந்தது. எங்கள் வீட்டிலேயே போன வருடம்வரை பக்கெட்தான். அந்த அசிங்கத்தின் மேலிருந்த கோபத்தில்தான் அவர் மெலிந்த கால் வரைந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"மூணு விஷயம் தம்பி. கம்பி கிடையாது. ஆளுங்க உக்காந்து எழுந்து பாக்கற வரைக்கும் பெயிண்ட் கிடையாது. ஆளுங்கன்னா ஆபீஸ் ஆளுங்க இல்ல, வயசானவங்க. மூணாவது, வரைபடத்துக்குக் கீழ ஒரு கட்டம் இருக்கில்ல, வரைந்தவர், ஒப்புதல் கொடுத்தவர்னு. அதுல இன்னொரு கட்டம் போடுங்க. எழுந்து பார்த்தவர்."

"மேடம் ஒத்துக்கணுமேக்கா."

"ஒத்துக்கிட்டா செருப்பு மாட்டிக்கிட்டு வர்றேன்."

மேடம் ஒத்துக்கொண்டாரா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாளில் வரைபடம் வந்தது. கீழே மூன்றாவது கட்டம் இருந்தது, சின்னதாக, மற்ற இரண்டிலும் பாதி அகலத்தில். பரவாயில்லை, என் கையெழுத்து சின்னதுதான். வேலைக்குத் திரும்பிப் போன அன்று மேடம் படிக்கட்டில் எதிரே வந்தார். "இடுப்பு எப்படி இருக்கு?" என்றார். "இருக்கு மேடம்" என்றேன். அவ்வளவுதான்.

பதினோரு காலில் ஆறு காகிதத்திலேயே போனது. மூன்றை நான் உடைத்தேன். மிச்சம் இரண்டையும் சேர்த்து, மேலே அகன்று, உள்பக்கம் இரண்டு விலாவோடு, வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் மெலிந்ததுபோலத் தெரிகிற ஒரு காலை அவர் வரைந்தார். அந்த வளைவுக்குத் தகட்டைச் சூடாக்கி அச்சுக்கட்டையில் அமுக்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. நான் எழுந்து பார்த்தேன், இருபது தடவை. வெளுக்கவில்லை. என் எடைக்குத் தாங்கியது. ஆனால் என் எடையோடு உலகம் முடிந்துவிடவில்லையே.

முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து வேனில் ஏழு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்திருந்தார்கள். குளிக்க வேண்டியதில்லை என்று சொல்லியும் நம்பவில்லை. பட்டறை நடுவில் சாமான்களை ஒதுக்கி, தரையில் குழாயைத் திறந்துவிட்டு, ஸ்டூலைப் போட்டோம். இரண்டு பக்கமும் பிடிக்க ஆள். பின்னால் நான். ஒருவர் உட்கார்ந்து எழுந்து, "வழுக்குது" என்றார். ஒரு அம்மாள் டிசைனரிடம், "சோப்பு வைக்க இடம் எங்கப்பா? நாலு எழுத்து படிச்சவன்தானே நீ?" என்று கேட்டார். அவர் குறித்துக்கொண்டார். ஆறு பேர் முடிந்தது. ஒவ்வொருவரும் எழும்போது பின்னங்காலைக் குனிந்து பார்த்தேன். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

ஏழாவது ஆள் சுவரோரமாகவே நின்றார். வேனிலிருந்து இறங்கும்போதே பார்த்தேன். என்னைவிடப் பெரிய உடம்பு, நூற்றுப்பத்துக்குக் குறையாது. துண்டை வயிற்றின்மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா."

"எனக்கு வேண்டாம்மா. அவங்க எல்லாரும் பாத்துட்டாங்கல்ல, போதும்." பிறகு சிரித்தார். "நான் உக்காந்தா உங்களுக்கு விறகுதான் மிச்சம்."

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒடைஞ்சா ஸ்டூல் தப்புய்யா. இதோ நிக்கறாரே இவர் தப்பு, என் தப்பு. உங்க தப்பு இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே இல்லை, நேராக. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரத்தில் கால்வைத்து வந்து, முதுகைத் திருப்பி, மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். நாலு காலும் அசையாமல் ஏற்றுக்கொண்டன. நான் குனியப் போனேன். அதற்குள் டிசைனர் கையிலிருந்த நோட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, சட்டையோடு அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னம் ஈரத்தரையில் பட, முகத்தைப் பின்னங்காலுக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோனார். ஓடுகிற தண்ணீர் அவர் சட்டைக்கையில் ஏறி, தோள்வரை கறுப்பாக நனைத்துக்கொண்டு போனது. கண்ணைச் சிமிட்டவில்லை.

"ம், இப்ப எழுந்திருங்கய்யா" என்றார் தரையிலிருந்தே.

ஏழாவது ஆள் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இருக்கையின் ஓரத்தைத் தேடி ஊன்றினார். அந்தக் கை ஓரத்தில் நன்றாகப் பதியும்வரை நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு அவர் இடுப்பைத் திருப்பினார்.